ஒத்திக்கு வந்த வாகனம்

கோவில்பட்டி
விசுவாவசு ஆண்டு, ஆவணி 20 (5.9.2025)

கழுகாசலமூர்த்தி திருவருளால் நலம் யாவும் பெருகுக என வாழ்த்தித் தங்கை வெயிலுகந்தம்மாளுக்கு அண்ணன் மந்திரமூர்த்தி எழுதுவது:

ஓசூரில் நீயும், மகன் தங்கப்பாண்டியனும், மருமகளும் நலம் என்று நம்புகிறேன். நம்ப மட்டுமே முடிகிறது. சித்திரையில் நீ எழுதிய கோபக் கடிதத்துக்குப் பிறகு நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தொலைபேசி என் செவிக்கு எட்டுவதில்லை. உன் மதினி பேசிவிட்டு வந்து, "அவிய நல்லாருக்காவ" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால் நிலையத்தில் அமர்ந்து ஊரார் கடிதங்களையெல்லாம் உரியவரிடம் சேர்ப்பித்தவள், உடன்பிறந்தவனுக்கு மட்டும் எழுதாதிருப்பது முறையாகுமா?

நான் செய்த குற்றம் என்ன? மாசியில் மாப்பிள்ளையின் திதிக்கு நீ வந்திருந்தபோது கழுகுமலைப் பேருந்தின் முதற்படியில் கால் வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நடத்துநர் விசில் ஊதிவிட்டான். பேருந்து போய்விட்டது. நீ சிரித்துக்கொண்டே, "இனி முருகன்தான் இறங்கி வரணும் போல" என்றாய். அன்றிரவே உனக்கொரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன். பங்குனியில் கார் ஒன்றை மூன்றாண்டு லீசுக்கு எடுத்தேன். இனி நீ ஓசூரில் பதினோராவது மாடியில் அடைபட்டிராமல் நம் வீட்டுக்கே வந்துவிடலாம், கார்த்திகைதோறும் மலையானைக் கண்டு வரலாம் என்று எழுதினேன். அதற்கு நீ, "உங்களிடம் யார் கேட்டது?" என்று ஒற்றை வரியில் பதில் எழுதினாய். மீதி முக்கால் பக்கமும் அந்த வரிக்கான உரைதான்.

வண்டி வெள்ளை நிறம். உள்ளே, முன்கண்ணாடியின் கீழ்ப்பலகை நடுவில், பித்தளையில் வேலும் மயிலும் பொருத்தியிருக்கிறேன். கழுகுமலையில் மயில் இடப்புறம் பார்ப்பதுபோல இதுவும் இடப்புறமே பார்க்கிறது. ஓட்டுநருக்கு இடப்புறம் உள்ள இருக்கை உனக்குரியது. அதில் இதுவரை யாரையும் அமரவிடவில்லை. ஆடிக் கார்த்திகைக்குப் போனபோதும் நானும் உன் மதினி யோகலட்சுமியும் பின்னால்தான் அமர்ந்தோம். "முன்சீட்ட என்ன, தங்கச்சிக்குத் துண்டு போட்டு வச்சிருக்கியளோ?" என்று அவள் கேட்டாள். ஓட்டுநர் இசக்கிதுரைக்கு நாற்பது வயதாகியும் வாய் அடங்கவில்லை. "துண்டு இல்லம்மா, மயிலையே போட்டு வச்சிருக்காவ" என்றான்.

மயில் காத்திருக்கிறது. எழுது.

அன்பு மாறாத அண்ணன்,
மந்திரமூர்த்தி


ஓசூர்
12.9.2025

அண்ணாச்சி அவர்களுக்கு வெயிலு எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஐந்தாம் தேதி போட்டது, ஒன்பதாம் தேதி வந்தது. பின்கோடில் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருந்தீர்கள். இலக்கணப்பிழை என்றால் விடமாட்டீர்களே, இதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்துவிட்டது. தங்கப்பாண்டிக்குப் புனேயில் வேலை மாற்றம். மார்கழிக்குள் எல்லாரும் கிளம்புகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள், மனதார. மருமகள் அங்கே ஒரு முருகன் கோயில் இருப்பதாகக்கூட விசாரித்து வைத்திருக்கிறாள். தங்கமான பெண். ஆனாலும் எனக்கு அறுபத்தேழு வயதில் இன்னொரு மொழி கற்கத் தெம்பில்லை. நான் ஊருக்கே வந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

சந்தோஷப்பட்டு எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள். உங்கள் வீட்டுக்கு இல்லை.

மதினியோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. அவிய அடுப்பில் போய் நான் உப்புப் பார்த்தால்தான் சண்டை வரும். உங்கள் தெருவிலேயே, உங்களுக்கு நாலு வீடு தள்ளி, சத்தியபாமாவின் சிறிய வீடு காலியாகிறது. என்னோடு வேலை பார்த்த ராதாமணி சொன்னாள். மூன்று லட்சம் ஒத்தி. கார்த்திகை முடியும்வரை எனக்காக நிறுத்திவைப்பதாகச் சத்தியபாமா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதற்கு மேல் அவளால் முடியாது, மகள் கல்யாணச் செலவு இருக்கிறது.

ஓட்டப்பிடாரத்து நிலத்தை விற்றபோது என் பங்கு மூன்று லட்சத்தை உங்கள் பெயரில் போட்டு வைத்தீர்களே, அதை எடுத்து அனுப்புங்கள். வேறு பணம் என்னிடம் இல்லை. மகனிடம் கேட்க மாட்டேன். என் வீட்டை என் பணத்தில்தான் பிடிப்பேன்.

மதினிக்கு என் அன்பு. மயிலுக்கும்.

வெயிலு


கோவில்பட்டி
புரட்டாசி 5 (21.9.2025), மகாளய அமாவாசை

தங்கை வெயிலுகந்தம்மாளுக்கு ஆசிகள்.

முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டு வந்து இதை எழுத அமர்ந்தேன். தந்தையார் பெயரைச் சொல்லும்போது உன் நினைவும் உடன் வந்தது. நீ ஊர் திரும்பப்போவது அவர் செய்த தவத்தின் பயனன்றி வேறில்லை. மலையின் வயிற்றைக் குடைந்து உள்ளே அமர்ந்திருக்கும் பெருமான், பிரிந்தவர் மனத்தையும் அவ்வாறே குடைந்து உட்புகுந்து ஒன்றாக்குகிறான் போலும். ஒரு முகமும் ஆறு கரமுமாக அவன் அமர்ந்திருக்கும் கோலத்தை எண்ணிப் பார்க்கிறேன். கேட்பதற்கு ஒரு முகம் போதும், கொடுப்பதற்குத்தான் ஆறு கை வேண்டும் என்று அடியார்க்கு உணர்த்துகிறான்.

அந்தச் சிறிய வீட்டைப் பற்றிச் சிந்தித்தேன். வாசல் தெற்கு நோக்கியது. கிணற்றில் கோடையில் நீர் வற்றும். நம் வீட்டிலோ வடக்கு அறை வெறுமனே கிடக்கிறது. தனி அடுப்பு வேண்டுமாயின் அதையும் அமைத்துத் தரலாம். அவசரம் வேண்டாம். தொகையைப் பற்றிக் கவலை கொள்ளாதே. அது பத்திரமான இடத்தில் இருக்கிறது.

ஐப்பசியில் மழை நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

அண்ணன்


ஓசூர்
27.9.2025

அண்ணாச்சி,

உங்கள் கடிதத்தில் முருகன் இருக்கிறான், கிணறு இருக்கிறது, மழை இருக்கிறது. என் பணம் ஒரே ஒரு வரியில் வந்து ஓடிவிட்டது. "பத்திரமான இடம்" என்றால் எந்த இடம்? பேங்கு என்றால் பேங்கு என்றே எழுதியிருப்பீர்கள்.

தபால் ஆபீசில் சேமிப்புப் புத்தகத்தை நீட்டிவிட்டு, "பணம் எடுக்கணும்னு அவசரமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று நிற்பவர்களை எனக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் ஏற்கெனவே எடுத்தவர்கள். உங்கள் எழுத்தில் அந்த நிற்பு தெரிகிறது.

எங்கே இருக்கிறது? ஒரு வரி போதும்.

வெயிலு


கோவில்பட்டி
புரட்டாசி 17 (3.10.2025)

வெயிலு,

ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். உன் பணம் காரில் இருக்கிறது.

இனி விவரம். பங்குனியில் அந்த நிறுவனத்தின் முகவர் வீட்டுக்கு வந்தார். நல்ல பையன்தான். "ஐயா, வாங்குவதைவிட லீஸ் சிறந்தது. முன்பணம் கூடுதலாகக் கட்டினால் மாதத் தொகை மிகவும் குறையும்" என்றார். நான் கேட்டேன்: "லீஸ் என்றால் நம் ஊர் ஒத்திதானே?" நீயும் நானும் பிறந்த நாள்முதல் லீசுக்கு வீடு என்றால் ஒத்தி என்றுதானே கேட்டிருக்கிறோம். பணத்தைக் கொடுத்து வீட்டில் இருப்போம். வாடகை கிடையாது, வட்டி கிடையாது. காலி செய்யும் நாளில் கொடுத்த பணம் குறையாமல் கைக்கு வரும். அந்தப் பையன் சென்னையில் வளர்ந்தவர். ஒத்தி என்ற சொல்லை என்னவென்று கொண்டாரோ, "ஆமா சார், அதேதான்" என்றார். நாற்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் பக்கத்துக்கு ஒரு கையெழுத்தாக இட்டேன். தமிழாசிரியனாக முப்பத்தாறு ஆண்டுகள் சொல்லுக்குப் பொருள் சொன்னவன், தன் கையெழுத்தின்கீழ் இருந்த ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் கேளாமல் விட்டேன்.

மூன்று ஆண்டுகள் வண்டி நமக்கு, பிறகு பணம் அப்படியே உனக்கு என்று கணக்கிட்டு உன் மூன்று லட்சத்தையும் முன்பணமாகக் கட்டினேன். மாதந்தோறும் என் ஓய்வூதியத்திலிருந்து போகும் சிறுதொகையைப் பராமரிப்புக் கட்டணம் என்றே எண்ணியிருந்தேன்.

உன் கடிதம் கண்டு, ஆயுதபூசை விடுமுறை முடிந்ததும் இன்று காலை திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போய், வண்டியை ஒப்படைக்கிறேன், பணத்தைக் கொடுங்கள் என்றேன். அங்கிருந்த உமாதேவி என்ற அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்குச் செவிக்கு எட்டவில்லை. உடன் வந்த இசக்கிதுரை என் காதருகே, அந்தக் கூடம் முழுதும் திரும்பிப் பார்க்கும்படி முழங்கினான்: "ஐயா! வண்டிய இப்ப விட்டாலும் ரூவா வராதாம்! கட்டுனது வாடகைக்கு முன்கூட்டி கட்டுனதாம்! மாசாமாசம் கரையுதாம்!"

"ஒத்தியில் பணம் எப்படிக் கரையும் என்று கேள்" என்றேன்.

கேட்டான். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ஒரு தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: "ஐயா, இது ஒத்தி இல்லை. பதினெட்டு மாதத்துக்குள் முடித்தால் மீதி முன்பணம் கிடைக்காது. வருந்துகிறேன்."

திரும்பும் வழியில் மணியாச்சிச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சற்று நேரம் வெளியே நின்றேன். இசக்கிதுரை அருகில் வந்து, முதன்முறையாகத் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். "ஒண்ணுமில்ல, தண்ணி குடிங்கன்னேன்" என்று கத்தினான்.

உன்னை அழைத்துவர எண்ணி, நீ வரவேண்டிய வழியை நானே அடைத்துவிட்டேன். மன்னிப்பாயா என்று கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

மந்திரமூர்த்தி


ஓசூர்
11.10.2025

அண்ணாச்சி,

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் வருந்தியிருப்பீர்கள். அதனால் பருப்பைக் களைந்து ஊறவைத்து, அரைத்து, வடை சுட்டு, கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

பணம் போனதுகூட இல்லை. கேட்கவில்லையே, அதுதான். எனக்கு எந்த ஊரில் வேலை என்று நீங்கள்தான் விசாரித்தீர்கள். எந்த மாப்பிள்ளை என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். நல்லவர்தான், அதைச் சொல்லவில்லை. அவிய போன பிறகு நான் ஓசூர் போவதா இருப்பதா என்பதைக்கூட தங்கப்பாண்டியோடு நீங்கள் பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னீர்கள். எல்லாம் அன்பில்தான். என் ஆயுளில் உங்கள் வாயிலிருந்து "வெயிலு, ஒனக்கு என்ன வேணும்?" என்று ஒரு கேள்வி வந்ததில்லை. கேட்டிருந்தால் பங்குனியிலேயே சொல்லியிருப்பேன், எனக்குக் கார் வேண்டாம், ஒரு கதவும் அதற்கு ஒரு சாவியும் போதும் என்று.

சரி. எழுதிவிட்டேன். மனசு லேசாயிற்று.

இப்போது வேலை. அந்த நாற்பது பக்கத்தையும் நகலெடுத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் விடக்கூடாது, முக்கியமாகப் பின்பக்கப் பொடி எழுத்து. விரைவுத் தபாலில் போடுங்கள். பதிவுத் தபால் என்று கேட்காதீர்கள், அதை இப்போது விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்களாம். நான் எத்தனை ஆயிரம் பதிவுச் சீட்டுக் கிழித்திருப்பேன்! ஒரு நாள் முழுவதும் யாரோ வேண்டியவர் போய்விட்ட மாதிரி இருந்தது.

கார்த்திகை முடிய இன்னும் நாளிருக்கிறது. சாப்பிடாமல் இருக்காதீர்கள், மதினி தொலைபேசியில் எல்லாம் சொன்னாள்.

வெயிலு


கோவில்பட்டி
ஐப்பசி 5 (22.10.2025), சஷ்டி விரதத் தொடக்கம்

தங்கைக்கு,

நாற்பது பக்கமும் இத்துடன் வருகின்றன. நகல் எடுக்கும் கடையில் மூன்றாம் பக்கம் கோணலாக விழுந்தது. மறுபடியும் எடுக்கச் செய்தேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆறு நாளும் நோன்பிருந்து பெருமானிடம் வேண்டவிருக்கிறேன். இம்முறை உனக்கு இன்னது வேண்டுமென்று நானாகக் கேட்கமாட்டேன். நீ வேண்டுவது எதுவோ அது கிட்டட்டும் என்று மட்டும் கேட்பேன்.

அண்ணன்


ஓசூர்
30.10.2025

அண்ணாச்சி,

சூரசம்ஹாரம் நன்றாக நடந்திருக்கும். நான் இங்கே நாற்பது பக்கத்தோடு போர் செய்தேன். முப்பத்தோராம் ஷரத்தில் ஒரு வாசல் இருக்கிறது, பின்பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் முன்பணம் போகும். கொடுக்காமல், உங்கள் இடத்தில் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தலாம். அவர் மீதிக் காலத்தைத் தன் பெயரில் ஏற்க வேண்டும், நிறுவனம் சம்மதிக்க வேண்டும். கரையாமல் நிற்கும் முன்பணத்தை அவர் உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே வரலாம். உமாதேவி அம்மாளுக்குத் தொலைபேசியில் பேசினேன். "இந்த ஷரத்த இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம், மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மறுநாளே கூப்பிட்டுச் சரி என்றார்.

ஆகவே ஆள் தேடுங்கள். நிலையான வருமானம், சொந்த ஓட்டுநர் உரிமம், ஊர் ஊராய்ச் சுற்றும் வேலை. மாற்றும் முன் வண்டியைப் பரிசோதிப்பார்கள். பன்னிரண்டாம் ஷரத்துப்படி வண்டியில் துளை போடக்கூடாது. மயிலை எப்படிப் பொருத்தினீர்கள்? பசையா, திருகாணியா? உண்மையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இப்போதே சொல்லிவிடுகிறேன். வீடு அமைந்தால் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். மாற்றுச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கட்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். வருவதானால் கேட்டுவிட்டு வாருங்கள்.

வெயிலு


கோவில்பட்டி
கார்த்திகை 5 (21.11.2025)

அன்புத் தங்கைக்கு,

திருகாணிதான். நான்கு.

ஆள் கிடைத்துவிட்டார். கண்டுபிடித்தவள் உன் மதினி. அவள் தோள்வலிக்குப் போகும் பிசியோதெரபிஸ்ட் சுதாராணி, கழுகுமலைக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடமாட இயலாத நோயாளிகளைப் பார்க்கத் தம் ஸ்கூட்டரில் சென்று வருபவர். சென்ற மழையில் கரிசல் பாதையில் சக்கரம் சேற்றைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட, இரண்டு மைல் தள்ளிக்கொண்டே வந்தாராம். அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோகலட்சுமி தோளை உதறி எழுந்து, "டாக்டரம்மா, எங்க வீட்டுல ஒரு காரு சும்மா நிக்கி, பாக்கியளா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது, "எனக்கு முன்சீட்டும் வேண்டாம், பின்சீட்டும் வேண்டாம். அவிய நாலு வீடு தள்ளி வந்தாப் போதும்" என்றாள். உன்மேல் அவளுக்கு இத்தனை பிரியம் இருந்ததை நாற்பத்தைந்து ஆண்டுகளாக நான் கேட்டறிந்ததில்லை.

நேற்று பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். எட்டு மாதத்தில் வண்டி ஓடிய தூரத்தைப் பார்த்துவிட்டு மானியில் பழுது என்று எழுதப் போனார். "பழுதெல்லாம் இல்ல சார், இது ஓடுனத விட நான் தொடச்சதுதான் சாஸ்தி" என்று இசக்கிதுரை தடுத்தான். பிறகு மயிலைக் கண்டார். முகம் சுருங்கியது. கழற்றினால் நான்கு துளை தெரியும், அதற்குத் தண்டம் உண்டு, கழற்றாவிட்டால் விதிமீறல் என்றார். நான் எழுந்தேன். நல்ல நேரம் பார்த்து அமர்த்திய மயில்தான். ஆயினும் உன் வீட்டை நினைத்து, "கழற்றிவிடுங்கள்" என்றேன். குரல் எனக்கே கேட்டது.

சுதாராணி குறுக்கிட்டார். "மயில் இருக்கட்டும் சார். ஓட்டையோட நான் ஏத்துக்கிடுதேன்னு எழுதித் தாரேன். மழையில கழுகுமல ரோட்டுல போறவளுக்கு அது கூட இருந்தா என்ன?" அந்த மனிதர் வேறு வழியின்றிப் படிவத்தில் எழுதினார்: "மயிலுடன் ஒப்படைக்கப்பட்டது."

நவம்பர் கடைசியில் வண்டி அவர் பெயருக்கு மாறுகிறது. ஒன்பது மாதத்தில் கால் பங்கு கரைந்துவிட்டது. முக்கால் பங்கை அன்றே தந்துவிடுவார். அதைப் பெற்று மீதிக்குச் சிறு மாத வாடகை வாங்கிக்கொள்வதாகச் சத்தியபாமா ஒப்புக்கொண்டார். கரைந்த கால் பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் உனக்குச் செலுத்திவிடுவேன். இதை மறுக்காதே.

ஒத்தி என்ற சொல்லுக்குள் ஒத்துப்போதல் இருக்கிறது. லீஸ் என்ற சொல்லில் அதைத் தேடியது என் பிழை.

அண்ணன்


ஓசூர்
27.11.2025

அண்ணாச்சி,

மறுக்கிறேன். ஒன்பது மாதம் எனக்காக ஓர் இருக்கை காலியாகவே ஓடியிருக்கிறது. மதினியைக்கூடப் பின்னால் உட்காரவைத்தீர்கள். அந்த இருக்கைக்கு வாடகை என் பங்கிலிருந்துதான் போகவேண்டும். கணக்கு முடிந்தது.

டிசம்பர் இரண்டாம் தேதி நாகர்கோவில் வண்டியில் ஏறுகிறேன். மறுநாள் விடியும்போது கோவில்பட்டி. அன்று திருக்கார்த்திகை. தங்கப்பாண்டி ஏற்றிவிடுவான். இப்போதே அழுகிறான், பெட்டியில் ஊறுகாய் வைக்கிறான், மறுபடி அழுகிறான். புனே ஒன்றும் அடுத்த பிறவியில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டு அகல்விளக்கு மட்டும் வாங்கி வையுங்கள். என் வாசலுக்கு. ஆம், இது நானாகக் கேட்பது.

வெயிலு


கோவில்பட்டி
மார்கழி 3 (18.12.2025)

பெறுநர்: திருமதி வெயிலுகந்தம்மாள், இத்தெரு, என் வீட்டுக்கு நான்காம் வீடு

அன்புத் தங்கைக்கு,

நீ வந்து பதினைந்து நாளாகிறது. அன்று விடியலில் ரயிலடிக்குச் சுதாராணி தாமாகவே வண்டியைக் கொண்டுவந்தார். நான் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், மயிலைப் பார்த்தாய், பின் கதவைத் திறந்து உன் மதினியின் பக்கத்தில் அமர்ந்துகொண்டாய். இருவரும் கைகோத்துக்கொண்டீர்கள். ஏதோ பேசிச் சிரித்தீர்கள், எனக்குக் கேட்கவில்லை. வேறிடம் இன்மையால் அந்த இருக்கையில் நான் அமர்ந்தேன். வீடு வரும்வரை மயில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. "நீ கேட்டாயா?" என்று அது கேட்பதுபோல் இருந்தது.

மார்கழி பிறந்து நாள்தோறும் விடியுமுன் கோயிலுக்குப் போகிறேன். உன் வாசலைக் கடந்தே போகவேண்டும். கோலம் இட்டிருக்கிறாய். புள்ளிகள் நேர்கோட்டில், தபால்தலை ஒட்டியதுபோல் ஒழுங்காக இருக்கின்றன. உள்ளே விளக்கு எரிகிறது. பால் காயும் மணம் வருகிறது. கதவு ஒருக்களித்தே இருக்கிறது. நிற்கிறேன். பிறகு நடந்துவிடுகிறேன். உன் மதினி பகலில் நான்கு முறை உன் வீட்டுக்கு வந்து போகிறாள். அவள் உன்னிடம் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவேண்டியவன்.

ஆகவே கேட்கிறேன். எழுபத்திரண்டாம் வயதில், முதன்முறையாக.

வெயிலு, ஒனக்கு என்ன வேணும்?

என்னிடம் ஒன்றும் வேண்டாமெனில் அதையும் எழுது. வேறொரு விண்ணப்பமும் உண்டு: உன் வீட்டுக்கு நான் வரலாமா? எந்த நாள், எந்த நேரம் என்று நீ குறிப்பிடுவதே சரி.

இம்முறை பின்கோடு சரியாக எழுதியிருக்கிறேன்.

அண்ணன்,
மந்திரமூர்த்தி


நாலாம் வீடு
22.12.2025

அண்ணாச்சி,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. நம் தெரு முனைப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். அது திருநெல்வேலி போய்ப் பிரிந்து, முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்திருக்கிறது. நாலு வீட்டுக்கு நாலு நாள். தபால்காரர் சுடலைக்குமார் என்னிடம் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "என்னம்மா, கேஸ் கீஸ் எதுவும் நடக்கா?" என்று கேட்டான். ஆமா, ரொம்ப வருஷமா, இன்றைக்குத்தான் தீர்ப்பு என்றேன்.

கேட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதினேன். வாசலில் நின்று "வெயிலு, உள்ளே வரலாமா" என்று ஒரு குரல் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். விடியுமுன் நீங்கள் வந்து நிற்பது தினமும் தெரியும். கதவை ஒருக்களித்து வைத்ததே அதற்குத்தான். செருப்புச் சத்தம் வரும், நிற்கும், போகும். நானும் பால் பொங்கப் பொங்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவேண்டும் என்று எனக்கும் ஒரு பிடிவாதம்.

என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்ததில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். பரணில் இருக்கும் பெரிய பாத்திரம் எனக்கு எட்டவில்லை. எடுத்துத் தரவேண்டும்.

சத்தியபாமாவிடம் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லா ஷரத்தும் படித்தேன். இடையில் காலி செய்வதானால் என்ன விதி என்று ஒன்று இருந்தது. அதை மட்டும் படிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மதினி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படிக்கும்வரை நின்று சிரிப்பாள், கோபப்படாதீர்கள். நாள் கேட்டீர்கள், இன்று. நேரம் கேட்டீர்கள், அடுப்பில் தோசைக்கல் காய்கிறது.

செருப்பைப் போடுங்கள்.

வெயிலு